வாரண்டிப் பெண்ணுக்கு ஒரு பதில்

“நாளைக்குச் சொல்றேம்மா” என்று வரைபடக்காரர் போனை வைத்தபோது, அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

“யாருங்க அது? தினமும் இதே நேரத்துக்கு?”

“கம்ப்யூட்டர் கடைப் பொண்ணு.”

“கம்ப்யூட்டர்தான் வந்து இறங்கியாச்சே. இன்னும் என்ன பேச்சு?”

“எக்ஸ்டெண்டட் வாரண்டி வேணுமான்னு கேக்கறா. கம்பெனிக்காரன் குடுக்கறது ஒரு வருஷந்தான். அதை மூணு வருஷமா நீட்டிக்கணும்னா இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டணுமாம்.”

“வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். அதில் கெட்டிக்காரர். ஒரு முழம் இடம் கொடுத்தாலும் அதற்குள் மாடிப்படியைத் திருப்பிவிடுவார். ஆனால் முடிவெடுப்பது என்று வந்தால் மட்டும் மதில்மேல் பூனை. குளியலறைக்கு வலப்பக்கம் கதவா இடப்பக்கம் கதவா என்று தீர்மானிக்க முடியாமல் ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் இரண்டு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கிறார்.

வாரண்டி விஷயத்தில் அவர் தவிப்புக்கு நியாயமும் இருந்தது. பழைய கம்ப்யூட்டர், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாவது மாடியில் உயிரை விட்டது. அதை எண்ணினால் வாரண்டி வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதற்கு முந்திய கம்ப்யூட்டருக்கு வாரண்டி வாங்கியிருந்தார். அது முடிகிறவரைக்கும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அதை எண்ணினால் வேண்டாம் என்று தோன்றும்.

அந்தப் பெண்ணோ அவசரப்படுத்தியதே இல்லை. “பரவாயில்லைங்க சார், நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்பாள். முதல் நாள் என்ன குரலோ அதே குரல். அதில் சலிப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. எத்தனையோ பேரிடம் பேசிப் பேசி நாக்கு தேய்ந்திருக்க வேண்டிய ஒருத்திக்கு எங்கிருந்து இப்படி ஒரு பொறுமை என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. போன வாரம் பேச்சுவாக்கில் தன் கழுத்துவலியைச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் போனை எடுத்ததும், “கழுத்து இப்போ தேவலையாங்க சார்?” என்று கேட்டாள். பெற்ற பிள்ளைகள்கூடக் கேட்காத கேள்வி.

மறுநாள் அவள் கூப்பிட்டதும், தப்பித்தால் போதும் என்று, “எங்க வீட்ல எல்லா முடிவும் மனைவிதாம்மா. அவளைக் கேட்டுச் சொல்றேன்” என்றார்.

“தாராளமாங்க சார். மேடம் எப்போ வீட்ல இருப்பாங்கன்னு சொன்னா அப்போவே கூப்பிடறேன்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. சாயங்காலம் மணி அடித்ததும் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போகிற வேகத்தைப் பார்த்தால் அந்தப் பெண் இந்த ஊரிலேயே இனி வேலை பார்க்க மாட்டாள் என்று தோன்றியது. வரைபடக்காரர் திரையில் ஒரு சுவரை இங்கே நகர்த்துவதும் அங்கே நகர்த்துவதுமாக உட்கார்ந்திருந்தார்.

சமையலறையிலிருந்து முதலில் அதட்டல் கேட்டது. பிறகு சாதாரணப் பேச்சு. பிறகு, அவரால் நம்ப முடியவில்லை, சிரிப்புச் சத்தம்.

வெளியே வந்தவளின் முகம் வேறாக இருந்தது.

“என்னங்க, அந்தப் பொண்ணு மனுஷியே இல்ல. தேவதை.”

“வாரண்டி வேணாம்னு சொல்லிட்டியா?”

“அதைப் பேசவே இல்லையே. ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடறதில்ல, உங்க அக்கா பேசின பேச்சு, எனக்கு ராத்திரியில தூக்கம் வராதது, எல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசல. ‘நீங்க சொல்றது புரியுதுங்க மேடம்’னா. இத்தனை வருஷத்துல இந்த வீட்ல யாராவது என்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கீங்களா?”

வரைபடக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மான்னு கேட்டேன். ‘அப்படி எதுவும் இல்லைங்க மேடம்’னா. வீட்ல யார் யாருன்னு கேட்டேன். ‘யாரும் இல்லைங்க மேடம், உங்க கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?’ன்னா. பாருங்க, தன் கஷ்டத்தை ஒரே வரியில முடிச்சுட்டு நம்ம சாமானைப் பத்தி விசாரிக்கறா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒரு யோசனை தோணுது.”

யோசனை மாடியறையில் இருந்தது. அது அவளுடைய தம்பி. மருத்துவச் சோதனைக்கூடம் ஒன்றில் நாள் முழுக்க நுண்ணோக்கிக்குள் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. தங்கமான குணம், ஆனால் வாயில்லாப் பூச்சி. உறவில் அவனுக்கு வைத்த பெயரே வாய்ப்பூட்டு. பெண் வீட்டார் நாலு தடவை வந்து பேசிப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் காது கேட்குமா என்று தனியாக விசாரித்துவிட்டுப் போனார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தனக்குப் பிறகு இவனுக்கு யார் என்பதுதான் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

மறுநாள் அவளே போனை எடுத்து, “எங்க வீட்ல இந்த மெஷின் சமாச்சாரம் எல்லாம் என் தம்பிதாம்மா பார்க்கறான். அவன்கிட்ட குடுக்கறேன்” என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“அக்கா, எனக்கு கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாதே” என்று வாய்ப்பூட்டு ரகசியமாகச் சொன்னான்.

“அதனாலதான் அவ சொல்லிக் குடுப்பா. கேளுடா.”

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். போனையே பார்த்தான். வேறு யாராக இருந்தாலும் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பெண் பேசாமல் காத்திருந்தாள். கடைசியில் அவனே எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டான்.

“மதர்போர்டுங்கறாங்களே, அது போச்சுன்னா?”

“மாத்திக் குடுத்துடுவோங்க சார்.”

“மாத்தினதும் போச்சுன்னா?”

“அதையும் மாத்திக் குடுத்துடுவோங்க சார்.”

“எத்தனை தடவை போனாலுமா?”

“மூணு வருஷத்துக்கு, எத்தனை தடவை போனாலுங்க சார். நீங்க கவலையே படாதீங்க.”

வாய்ப்பூட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் இதுவரை யாரும் அவனிடம் மூன்று நாளைக்குக்கூட எந்த வாக்கும் கொடுத்ததில்லை. காதுமடல் சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வரைபடக்காரரும் மனைவியும் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம். பேசினான், கேட்டான், ஒரு தடவை சிரிக்கவும் செய்தான். மின்சாரம் ஏறி இறங்கினால் என்ன ஆகும், மின்விசிறி நின்றால் என்ன ஆகும், ஒரு பாகம் பழசானால் மற்ற பாகங்கள் அதைத் தாங்குமா என்றெல்லாம் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். போனை வைத்த பிறகு அவன் மாடிப்படியில் ஏறும்போது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான். அந்தப் படியில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை.

தினமும் சாயங்காலம் இது நடந்தது. கூடவே இருந்து கேட்டுக் கேட்டு, வரைபடக்காரருக்கே ஒரு நாள் தெளிவு பிறந்துவிட்டது. பிறவியிலேயே அவருக்கு வாய்க்காத தெளிவு.

“முடிவு பண்ணிட்டேன். வாரண்டி வாங்கிடறேன்” என்றார்.

மனைவி பதறிப்போனாள். “கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? பணம் கட்டிட்டா அவ எதுக்கு இனிமே கூப்பிடப் போறா?”

“அப்போ வேணாம்னு சொல்லிடவா?”

“வேணாம்னு சொன்னா மட்டும் கூப்பிடுவாளா?”

“பின்ன என்னதான் சொல்றது?”

“நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே.”

வாழ்நாளில் எடுத்த ஒரே முடிவை அவர் மென்று விழுங்கினார்.

பேச்சு நீள நீளக் கேள்விகள் தீர்ந்துபோயின. கேள்வி இல்லாவிட்டால் பேச்சு இல்லை. பேச்சு இல்லாவிட்டால் வாய்ப்பூட்டுக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே ஒரு நாள், புதுக் கேள்வி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளியால் கழற்றிவிட்டான். ரத்தத்தைப் பார்க்கிற பார்வையோடு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனை அக்காதான் பார்த்தாள்.

“டேய், அந்தத் திருகுமேல ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதம் எங்கடா?”

அது கிழிந்து அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘கிழித்தால் வாரண்டி செல்லாது’ என்று அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

மூவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரைபடக்காரர் பசை போட்டு ஒட்டினார். அது கோணலாக ஒட்டியது. உரித்து மறுபடி ஒட்டினார். எழுத்து அழிந்தது. மனைவி துணியை நனைத்துத் துடைத்தாள். காகிதமே போய்விட்டது. தகட்டைத் திரும்ப மாட்டியபோது ஒரு திருகு உள்ளே விழுந்து, பெட்டியை அசைக்கும்போதெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது.

“ஒண்ணும் சொல்லாதே. எதுவும் நடக்காத மாதிரி பேசு” என்றாள் அக்கா.

ஆனால் போன் வந்ததும் வாய்ப்பூட்டு முதல் வார்த்தையிலேயே உண்மையைக் கொட்டிவிட்டான். “உங்ககிட்ட என்னால பொய் சொல்ல முடியல. பெட்டியில இருந்த வாரண்டி சீலை நான்தான் கிழிச்சேன்.”

மூன்று பேரும் போன்மேல் குனிந்தார்கள்.

“உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க சார்” என்றது அந்தக் குரல், கொஞ்சங்கூடக் கடுமை இல்லாமல். “சீல் கிழிஞ்சா வாரண்டி குடுக்கறதில்லைன்னு விதி இருக்கு. ஆனாலும் உங்க விஷயத்தை மேலே சொல்லிக் கேட்டுப் பார்க்கறேன். நாளைக்குத்தான் கடைசி நாள். காலையில கண்டிப்பா கூப்பிடறேன்.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நமக்காக மேலே போய்ப் பேசறாளாம். யாருக்கு வரும் இந்த மனசு?”

மறுநாள் காலையில் போன் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. சோதனைக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாய்ப்பூட்டு போனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவர்களாகக் கூப்பிட்டால் மணி மட்டும் அடித்தது.

“சொன்ன சொல் தவறாத பொண்ணு” என்றார் வரைபடக்காரர். “மேலே போய் நமக்காகப் பரிஞ்சு பேசியிருக்கா. வேலைக்கு உலை வெச்சுட்டாங்க.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. வாய்ப்பூட்டு எழுந்து மாடிக்குப் போனான். இறங்கி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையைப் படிய வாரியிருந்தான்.

“மாமா, கிளம்புங்க. கடைக்குப் போலாம்.”

அவன் ஒருவருக்கு உத்தரவு போட்டது அதுவே முதல் தடவை. வரைபடக்காரர் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டினார். அக்கா நல்ல புடவைக்கு மாறிக்கொண்டு ஒரு பை நிறையப் பழம் எடுத்துக்கொண்டாள். மடியில் கம்ப்யூட்டர் பெட்டி கிலுகிலுக்க, மூவரும் ஆட்டோவில் போய் இறங்கினார்கள்.

கடையில் நல்ல கூட்டம். பில் போடும் அம்மாள் தலை நிமிராமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு தினமும் போன் பண்ற பொண்ணைப் பார்க்கணும்” என்றார் வரைபடக்காரர். “வாரண்டி விஷயமா.”

“வாரண்டியா? இன்னிக்கு அந்தப் பிரிவு வேலை செய்யல சார். அடுத்த வாரம் வாங்க.”

“அப்போ நெஜமாவே வேலையை விட்டு எடுத்துட்டீங்களா?” என்று அக்கா கேட்டாள்.

பில் போடும் அம்மாள் பதில் சொல்வதற்குள் வாய்ப்பூட்டு முன்னால் வந்தான். கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“இதப் பாருங்கம்மா. தப்பு என்னோடது. சீலைக் கிழிச்சது நான். அவங்க எனக்காகத்தான் மேலே பேசினாங்க. இத்தனை நாள்ல ஒரு தடவைகூட அவங்க குரல் உசந்ததில்ல. நான் கேட்டதையே கேட்டாலும் முதல் தடவை கேக்கற மாதிரிதான் பதில் சொன்னாங்க. எனக்குப் பேச வரும்னு எனக்கே அவங்ககிட்ட பேசித்தான் தெரிஞ்சுது. வாரண்டி வேணாம். பெட்டியை வேணும்னாலும் வெச்சுக்குங்க. அவங்களை மட்டும் திரும்ப வேலைக்கு எடுத்துக்குங்க. சம்மதம்னா அவங்களைக் கல்யாணம் பண்ணிக்க நான் தயாரா இருக்கேன்.”

கடை அப்படியே நின்றுவிட்டது. விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மரியாதையாகத் தன் தொப்பியைக் கழற்றினார். அக்காவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. தன் வீட்டு மாடியறையில் இத்தனை வருஷம் இப்படி ஒரு மனிதன் குடியிருந்தானா என்று வரைபடக்காரர் மலைத்துப்போய் மச்சினனையே பார்த்தார்.

பில் போடும் அம்மாளும் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அவனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்:

“அது பொண்ணு இல்லைங்க தம்பி, போன்ல பேசறதுக்குன்னு மாடியில நாங்க வெச்சிருந்த கம்ப்யூட்டர், நேத்து சாயங்காலம் மதர்போர்டு புகைஞ்சு போச்சு, மாத்தித் தாங்கன்னா கம்பெனிக்காரன் முடியாதுங்கறான், ஏன்னா எங்க முதலாளி அதுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கல.”