ஃபோர்க்லிஃப்ட் அக்கா யோகா டீச்சர் ஆன விதம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே 'இல்லை' என்ற சொல் காதில் ஏறாத ஒரே பிறவி ஃபோர்க்லிஃப்ட் அக்காதான். மற்றபடி காது நன்றாகவே கேட்கும். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உள்ளே அனுமதி கிடையாது.

பாசிர் கூடாங்கில் நான் கணக்கராக இருந்த கிடங்கில், சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அவர். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வாசலில் வந்து நின்றால் அறை இருட்டிவிடும் உடம்பு. ஹார்ன் அடிக்கமாட்டார். "தள்ளு" என்பார். லாரியே தள்ளி நிற்கும்.

வண்டிக் குலுக்கலில் ஒருநாள் முதுகு போனது. குடியிருப்பு மண்டபத்தில் நடந்த இலவச யோகா வகுப்புக்குப் போனார். சில மாதங்களில் நிமிர்ந்துவிட்டார். பிறகு அந்த ஆசிரியை வேலைக்காக சிங்கப்பூர் போய்விட, வகுப்பு நின்றது.

"அப்ப நான் சொல்லித் தரேன்," என்றார் அக்கா.

மண்டபத்தார் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள். பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டபோது எனக்கே மூச்சு வாங்கியது.

"உதவி குடுக்கிறவங்க இருப்பாங்க லா. தேடுவோம்."

அந்தத் 'தேடுவோம்' என்பதற்குள் நானும் அடக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் எங்கள் மேனேஜர். "பயிற்சிக்கு நிதி இருக்குக்கா. ஆனா வேலைக்கு சம்பந்தமா இருக்கணும்."

"முதுகு இல்லாம என்னா வேலை செய்றது பாஸ்?"

மேனேஜர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மறுத்தார்.

அக்கா கத்தோலிக்கர். தேவாலய உதவிக் குழுவில் இருந்த பெரியவர் தயங்கினார். "யோகா நம்ம வழக்கம் இல்லையேம்மா."

"முதுகுவலி மட்டும் நம்ம வழக்கமாண்ணே?"

அடுத்து ஒரு சமூகநலச் சங்கம். அங்கே உதவி இளைஞர்களுக்கு மட்டும்தானாம். "இளைஞனுக்கு எங்கய்யா முதுகு வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் வைத்த தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தபிறகே எழுந்தார்.

கடைசியாக, ஜொகூர் பாருவில் அந்தப் பயிற்சியை நடத்தும் நிலையத்துக்கே போனோம். கட்டண உதவிக்கு நேர்காணல். உள்ளே எல்லாம் கண்ணாடி. எங்கு திரும்பினாலும் அக்கா தெரிந்தார். நிலையத்தை நடத்திய பெண்மணி ஒல்லியானவர், இனிமையாகப் பேசினார்.

"உங்க யோகா பயணத்தைப் பத்தி சொல்லுங்கக்கா."

"பஸ்லதான் வந்தோம் மிஸ். வழியெல்லாம் ஜாம்."

நான் சிரிப்பை விழுங்கினேன். மிஸ் ஒரு நிபந்தனை சொன்னார். கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்வார்கள். பதிலுக்கு ஒரு வீடியோ வேண்டும். ஏழைத் தோட்டத்துப் பெண், கஷ்டம், யோகா தந்த மறுவாழ்வு. "கொஞ்சம் கண் கலங்கினா நல்லா இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கேமராவுக்கு எதிரே போய், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன். நல்லாவே ஓட்டறேன். எங்க ஏரியாவுல வகுப்பு நின்னுபோச்சு, அதை நடத்த வந்திருக்கேன். என்னைப் பார்த்து யாரும் பாவப்பட வேணாம்."

"கொஞ்சம் சோகமா, அக்கா…"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதையேதான் சொன்னார், இன்னும் சத்தமாக. அதற்குப் பிறகும் ஒருமுறை எடுத்தார்கள். அதில் "சோகம் வேணும்னா எங்க மேனேஜரைக் கூப்பிடுங்க" என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த உதவியும் கைநழுவிவிட்டது என்று நான் பையை எடுத்துக்கொண்டேன். அக்கா அசையவில்லை. "உதவி குடுக்கலைன்னா பரவால்ல மிஸ். ஆனா அழுதாத்தான் தருவேன்னா, அது உதவி இல்ல," என்றார். குரல் முதன்முறையாக லேசாக நடுங்கியது. கண் மட்டும் கலங்கவில்லை.

மிஸ் எழுந்து கேமராவை அணைத்தார்.

"சனிக்கிழமை வந்துடுங்கக்கா. வீடியோ வேணாம்."

பயிற்சி முடிந்து, இப்போது ஞாயிறுதோறும் மண்டபத்தில் அக்காவின் வகுப்பு. "இடுப்பை ரிவர்ஸ் எடு. மெதுவா. பின்னாடி ஆள் இருக்கு" என்பார். இடமில்லாமல் வாசலில்கூடப் பாய் விரிக்கிறார்கள்.

யாராவது வரவில்லையென்றால் அக்காவே போன் செய்வார். "தம்பி, எங்க, ஆளைக் காணோம்? உடம்புக்கு ஏதும் இல்லையே?" அதைக் கேட்பதற்காகவே சில ஞாயிறுகளில் நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்புகிறேன்.