சாத்துக்குடித் தோல் பிஸ்கட்

"வேப்பங்கொட்டைய அரைச்சுப் போட்டியா?" என்று கேட்டாள் செவந்தி. வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கவும் முடியவில்லை. மகள் எதிரில் துப்பவும் பயம்.

"சாத்துக்குடித் தோலும்மா. ஜூஸ் கடையில குப்பைன்னு கொட்டுறான். சுளையில இல்லாத சத்தெல்லாம் அதுலதான் கெடக்கு." பிரகதா ஒரு தோலை நகத்தால் கீறி அம்மா மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாரு."

அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். படித்தது உணவு அறிவியல், கோபம் கூடப் பிறந்தது. பேக்கரி முதலாளி மலையாண்டி ருசி பார்க்கச் சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கே வருகிறார். பிடித்தால் அவர் கடையில் அவள் சரக்கு. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை திருப்பூர், பனியன் கம்பெனி.

தோலை வேகவைத்தாள். "தண்ணியக் கொட்டிரும்மா." செவந்தி பாத்திரத்தைத் தூக்கிப் போனாள்.

கசப்பு குறைந்தது, போகவில்லை. மறுபடி வேகவைத்தாள். "இதையும் கொட்டு."

மூன்றாவது வேக்காட்டில் கசப்பு போனது, கூடவே மணமும். ஈடுகட்ட அள்ளிப்போட்ட சர்க்கரையில் பிஸ்கட் கருங்கல்லானது. வெண்ணெய் சேர்த்தால் எடுக்கும்போதே உதிர்ந்தது. கடைசி ஈடு மட்டும் பிஸ்கட்டாகத் தேறியது.

மலையாண்டி வேர்த்துக் கொட்ட வந்து உட்கார்ந்தார். பங்குனி வெயிலுக்கு வீடேறி வருபவர்களுக்குப் பானகம்தான் அந்தத் தெரு வழக்கம். செவந்தி நீட்டிய டம்ளரைக் காலி செய்துவிட்டுப் பிஸ்கட்டைக் கடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல தோலு எங்கிட்டு இருக்கு?"

பொய் பிரகதாவுக்கு வராது. "நாரு மட்டும் இருக்கு சார். மத்த சத்தெல்லாம் வேகவச்ச தண்ணியோட போயிருச்சு. இதச் சத்து பிஸ்கட்டுன்னு வித்தா பித்தலாட்டம். நீங்க கெளம்புங்க."

"இருத்தா, மூச்சு விடு. தங்கச்சி, இன்னொரு டம்ளர் குடுங்க." அதையும் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "என்ன போடுறீங்க இதுல? இனிச்சு முடியிறப்ப லேசா ஒரு கசப்பு வந்து இழுக்குது. பாட்டில்ல அடைச்சுத் தாங்க, நாளைக்கே கடையில வைக்கிறேன்."

பிரகதா திரும்பிப் பார்த்தாள். செவந்தி இரண்டடி பின்வாங்கினாள்.

"வையாத புள்ள. வீட்ல எலுமிச்சம்பழம் இல்ல. அம்புட்டு வாசமா இருந்துச்சேன்னு, நீ கொட்டச் சொன்ன தண்ணியிலதான் வெல்லத்தக் கரைச்சேன்."