ரத்தோட்டை பஸ்ஸில் இரட்டைப் பிள்ளைகள்

இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனானவனை ஊரே கைகொடுத்து வாழ்த்தும். அந்த வாழ்த்தில் மயங்கி, தனக்கும் ஏதோ திறமை இருக்கிறது என்று அவன் நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து. நான் நம்பினேன்.

ஆரோனும் அபிஷாவும் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிரசவத் தையலில் சீழ் பிடித்து, என் மனைவி ஜெனிட்டா மறுபடியும் மாத்தளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். காய்ச்சல் விட்டதும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று அழுதாள். ஒன்றைத் தான் தூக்கிவருவதாகப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். பிள்ளைகளை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் நீளத் துணி ஒன்றை மைத்துனி டோஹாவிலிருந்து அனுப்பியிருந்தாள். போனில் வீடியோவும் பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி முட்டை பொரித்தார். (எனக்கு ஒரு பஸ் ஏறத் தெரியாதா?)

துணியைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் முதுகுப்பக்கம் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன்.

பஸ்ஸில் ஏறியதுமே சீட் கிடைத்தது. அபிஷா கத்தித் தீர்த்தாள். ஆரோனிடம் சத்தமே இல்லை. இவன் தங்கமான பிள்ளை, தாயின் பொறுமை அப்படியே வந்திருக்கிறது என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா துணியை விலக்கிப் பார்த்தார். நான் உட்கார்ந்ததில் ஆரோன் கீழே சரிந்து, தாடை நெஞ்சில் புதைய மடங்கிக் கிடந்தான். உதடு கறுத்திருந்தது.

“பபா ஹுஸ்ம கன்னே நே,” என்றார் அவர். பிள்ளை மூச்சு விடவில்லை.

இழுத்தேன், வரவில்லை. முதுகில் நான் போட்ட முடிச்சுகள் என் விரலுக்கு எட்டவில்லை. எட்டியவர்களாலும் அவிழ்க்க முடியவில்லை. அம்பரெல்லாக் காயை வெட்டி விற்க ஏறியிருந்தவர், மிளகாய்த்தூள் ஒட்டிய கத்தியாலேயே துணியை அறுத்தார். அபிஷாவை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா ஆரோனை மடியில் போட்டு, தலையை நிமிர்த்தி, முதுகைத் தேய்த்தார். அழுதுவிடு, அழுதுவிடு என்று மட்டும்தான் என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

பூனைக்குட்டி மாதிரி ஒரு இருமல் வந்தது. அப்புறம் அழுதான்.

டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய் விட்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் பரிசோதித்துச் சொன்னார். பிறகு என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெனிட்டா மெதுவாக நடந்து வந்தாள். அறுந்த துணி இரண்டு பக்கமும் தொங்க, சட்டையெல்லாம் மிளகாய்த்தூளாக நின்றேன். அவள் ஆரோனை வாங்கி, அவன் நெஞ்சில் காதை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“செல்வி அக்கா எங்கங்க?”

இப்போது ஆரோன் பள்ளிக்கூடம் போகிறான். வாய் ஓயாது. எங்கள் வீட்டில் யாரும் அவனைச் ‘சும்மா இரு’ என்று அதட்டியதில்லை. “ஊர்ல பேசுனா அடி விழும், இந்த வீட்டுல பேசாம இருந்தா அடி விழும்,” என்று மைத்துனி வரும்போதெல்லாம் சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். ஆனால் அடுத்த அறையில் அவன் படம் வரைவதில் மூழ்கிச் சத்தமில்லாமல் போனால், ஜெனிட்டா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்க்க வருவாள்.

பெரும்பாலும் நான் அவளுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருப்பேன்.