பழனியாண்டிக்குப் போட்ட அடைப்புக்குறி

ஸ்கந்தபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் சுஜிதன் அறிவது,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. பதினான்கு வருடமாக ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற எனக்கு அந்த முறை தெரியாததல்ல. ஆனால் நான் நலமாக இல்லை. நீர் நலமாக இருப்பீர் என்று நினைத்தால் எரிச்சலாகவும் இருக்கிறது. ஆகையால் உமது தாயார், என் அக்கா சிவலட்சுமி மட்டும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் கதைத்தால் என்ன என்று கேட்பீர். போனில் நீர் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லிச் சொல்லியே வைத்துவிடுவீர். கடிதம் என்றால் கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

நிற்க. (இந்த அடைப்புக்குறியை நான் தெரிந்துதான் திறக்கிறேன். இதை மூடமாட்டேன். ராக்காயியின் காணிக்கு ஒரு முடிவு வரும்வரை மூடுவதில்லை என்று உம் மாமி கமலாசனியின் முன்னால் சத்தியம் பண்ணியிருக்கிறேன். நீர் பூட்டிவிட்டுப் போன சாமான் அதை இப்போதே சிவப்பாக்கிவிட்டு என்னைப் பார்த்து முழிக்கிறது. முழிக்கட்டும்.

தைப்பொங்கலுக்கு வவுனியாவிலிருந்து வந்த நீர் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "மாமா, உங்கட லப்டொப் ஆமை மாதிரி ஊருது, கொண்டாங்கோ பாப்பம்" என்றீர். கொண்டுவந்து தந்தேன், புத்தி கெட்டவன். நான் மனு அடிக்கிற பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, புரோகிராம் எழுதுகிற உம்மைப் போன்ற ஆட்கள் பாவிக்கிற எடிட்டர் ஒன்றைப் போட்டீர். எடிட்டர் என்றால் பத்திரிகைக் கந்தோரில் மூக்குக்கண்ணாடியோடு இருக்கிற ஒரு மனுசன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதோடு விட்டீரா? அதற்குள் இன்னொன்றைச் செருகி, பிளகின் என்றீர். "மாமா, இனி நீங்கள் ஒரு அடைப்புக்குறியிலை போய் நிண்டால், அதின்ரை சோடி எங்கை இருக்கெண்டு மஞ்சளாய்க் காட்டும். சோடி இல்லாட்டிச் சிவப்பு. இந்த ரெண்டு கீயையும் சேத்து அமத்தினால் ஒரு குறியிலை இருந்து மற்றக் குறிக்குப் பாயும். அந்த ரெண்டையும் அமத்தினால் உள்ளுக்கை கிடக்கிறதை அப்பிடியே தூக்கும்" என்று பாடம் நடத்தினீர். புரோகிராமில் ஒரு குறியை மூடாமல் விட்டால் முழுதும் படுத்துவிடும் என்றீர். எல்லாம் சோடி சேர்ந்துவிட்டால் பிறகு பயமில்லை என்றும் சொன்னீர். இந்தக் கடைசி வசனத்தை நான் மறக்கவில்லை, தம்பி. வந்த வினையெல்லாம் அதனால் வந்தது.

நான் எழுதுவது புரோகிராம் இல்லை, மனு. மனுவில் பந்திக்குப் பந்தி இலக்கம் வரும். ஒன்று எழுதி ஒரு மூடுகுறி, இரண்டு எழுதி ஒரு மூடுகுறி. திறக்கிற குறி கிடையாது. என் தகப்பனாரும் அப்படித்தான் எழுதினார், அரசாங்கக் கச்சேரியில் ஒரு உத்தியோகத்தரும் ஏனென்று கேட்டதில்லை. இங்கே அதை எழுதிக் காட்டமாட்டேன்; காட்டினால் மேலே நான் திறந்து வைத்தது அதோடு ஓடிப்போய்ச் சோடி சேர்ந்துவிடும். உம்முடைய பிளகின் வந்த முதல் நாளே என் மனு முழுக்கச் சின்னமுத்து போட்ட பிள்ளை மாதிரிச் சிவந்து போனது. அதைத் திருத்தித் திருத்தி எனக்கும் அந்த வருத்தம் தொற்றிவிட்டது. குசினி அலுமாரி திறந்து கிடந்தால் ஓடிப்போய் மூடுகிறேன். சீனிப் போத்தலின் மூடியைத் தேடுகிறேன். ஒற்றைச் செருப்பைக் கண்டால் மற்றது கிடைக்கும்வரை இருப்புக் கொள்ளுதில்லை. உம் மாமி என்ன சொன்னா தெரியுமோ? "வீட்டிலை திறந்து கிடக்கிறது எல்லாத்தையும் மூடுறியள், உங்கட வாயை ஆர் மூடுறது? தம்பியிட்டைச் சொல்லி அதுக்கும் ஒரு பிளகின் பூட்டுங்கோ." கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடத்தில் அவா என்னோடு இவ்வளவு தெளிவாகக் கதைத்ததில்லை.

பிறகு கோயில் விஷயம். கோயில் தலைவர் தங்கராசா அண்ணை திருவிழாவுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று ஊருக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். வாழைக்குலை (3), தேங்காய் (60) என்று ஒழுங்காகத்தான் அடித்தேன். கீழே ஏதோ ஒரு சிவப்பை அடக்கப் போய் இரண்டு கீயை அமத்த, உள்ளுக்குக் கிடந்ததுகள் இடம் மாறி வாழைக்குலை (60), தேங்காய் (3) ஆகிவிட்டன. எல்லாம் சோடி. ஒரு சிவப்பும் இல்லை. அனுப்பினேன். எங்கள் சனம் கோயிலுக்கென்றால் கேள்வி கேட்காது. முப்பத்தேழு குலை வந்து சேர்ந்தது, உடைக்கத் தேங்காய் இல்லை. திருவிழா முடிய மிச்சக் குலையெல்லாவற்றையும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிவந்து எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டு, "பரமலிங்கம், நீர் எழுதினது, நீரே தின்னும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணை. எங்கள் ஆடு இப்போது வாழைப்பழத்தைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறது.

அது போகட்டும். வாழைப்பழத்தால் ஒருவரும் சாகவில்லை. ராக்காயியின் விஷயம்தான் என்னைக் கொல்லுகிறது. உமக்கு அவாவைத் தெரியும், வாய்க்காலுக்கு அங்கால் இருக்கிறவ, பொங்கலன்று உமக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து தந்தவ. எழுபத்தேழாம் ஆண்டு தேயிலைத் தோட்டத்தை விட்டுப் புருசன் பழனியாண்டியோடு இங்கே வந்து, காடு வெட்டிக் கிணறு கிண்டி அந்த அரை ஏக்கரைக் காணியாக்கினவ. காணிக்கு அரசாங்கம் கொடுக்கிற அனுமதிப் பத்திரம், அந்தப் பேமிட் மட்டும் கிடைக்கவில்லை. சாகும்வரை அந்த மனுசன் காணிக் கந்தோர்ப் படி ஏறினார். அவர் செத்து இந்த ஆவணியோடு பதினொரு வருடம். அதற்குப் பிறகு இவா ஏறுகிறா. நான் எட்டு மனு அடித்துக் கொடுத்தேன். எட்டுக்கும் ஒரே பதில்: பேமிட் இல்லாத காணிக்கு வாரிசு இல்லை. இப்போது பேமிட் இல்லாத ஆட்களைக் காணியை விட்டு எழுப்பப் போகிறார்கள் என்று ஒரு கதை அடிபடுகிறது. எழுபது வயதில் அவா எழும்பி எங்கே போறது?

ஒன்பதாவது மனுவை அடித்தபோது ராக்காயி பக்கத்துக் கதிரையில்தான் இருந்தா. எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் கண் கூர்மை. "(காலஞ்சென்ற) பழனியாண்டியின் மனைவியாகிய நான்" என்று பழைய மனுவில் இருந்ததைக் காட்டி, "அதென்னங்கய்யா, ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்குது?" என்று கேட்டா. "அது அடைப்பு" என்றேன். "வேலி அடைப்புங்களா?" என்றா. "அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்" என்றேன். "காணிக்கு வேலி போட விடமாட்டேங்குறாங்க, செத்த மனுசனைச் சுத்திப் போட்டிருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் மூடுகுறியைப் போட மறந்தேன்.

மறந்தவுடன் அந்தத் திறந்த குறி என்ன செய்தது தெரியுமோ? கீழே முதற்பந்தி இலக்கத்தின் மூடுகுறியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் ஒரே மஞ்சள். பயந்துபோய் நீர் சொன்ன இரண்டு கீயை அமத்தினேன், கேர்சர் பாய்ந்தது. இடையில் ஒரு மூடுகுறியைப் போட்டு மற்ற இரண்டையும் அமத்தினேன், காலஞ்சென்றவைக் குறியோடு காணவில்லை. ஐயோ என்று ஒட்டுகிற கீயை அமத்தினேன், அது எங்கேயோ போய் ஒட்டியது. சிவப்பெல்லாம் போய்விட்டது. எல்லாம் சோடி. நீர் சொன்ன வசனத்தை நம்பி, ஒருதரம் வாசித்துப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்து, ராக்காயியின் பெருவிரலை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அது போய் ஒட்டின இடம் விலாசம். "(காலஞ்சென்ற) காணி உத்தியோகத்தர் அவர்கட்கு" என்று மனு தொடங்குகிறது. கீழே பழனியாண்டி சுகதேகியாகப் பெண்சாதியோடு குடியிருக்கிறார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன், வாசித்துவிட்டு நீர் சிரித்தால் உமக்குப் புண்ணியம் இல்லை: "தங்கள் மனு கிடைத்தது. நான் கடமையில் உயிருடன் இருப்பதை இத்தால் அறியத்தருகிறேன். தங்கள் கணவர் திரு. பழனியாண்டி அவர்கள் எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் சமுகமளிக்க வேண்டும். தவறும் பட்சத்தில் இக்கோவை மூடப்படும்." நாற்பது வருடமாக ஒன்றையும் முடிக்காத கந்தோர், தம்பி, இந்தப் பைலை மட்டும் மூடுமாம்.

ராக்காயிக்கு வாசித்துக் காட்டினேன். அழுவா என்று நினைத்தேன். "அந்தப் பேரை இன்னொருக்கா வாசிங்கய்யா" என்றா. வாசித்தேன். "பேருக்கு முன்னால என்னமோ சொன்னீங்களே?" "திரு." "திருவா? எங்க வீட்டுக்காரருக்கா?" "ஓம்." "உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் அவருக்குத் திரு போடலீங்களே" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டா. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். "நீங்க ஏன்யா கவலப்படுறீங்க? செவ்வாக்கெழமதானே, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றா. மனுசிக்கு மூளை கலங்கிப் போச்சுது, அதுவும் என்னாலை.

மூன்று நாளாய்ச் சோறு இறங்குதில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால், ஒரு உத்தியோகத்தரைச் சாக்காட்டினவன் எழுதின மனுவெண்டு கோவையைத் தூக்கி மூலையிலை போடுவினம். சொல்லாட்டிப் பழனியாண்டிக்கு நான் எங்கை போறது? யோசிச்சுப் பாரும். குண்டுக்கும் ஷெல்லுக்கும் ஓடி ஓடித் திரும்பி அதே காணிக்கு வந்த மனுசி. அவாவை எழுப்பினது ஆர் எண்டால், ஸ்கந்தபுரத்துப் பரமலிங்கத்தின்ரை ஒரு அடைப்புக்குறி. இதைக் கேக்கவோ நான் உயிரோடை இருக்கிறன்?

ஆகையால் இக்கடிதம் கண்டவுடன் முதல் பஸ்ஸில் வந்து இந்தப் பிளகினைப் பிடுங்கிக்கொண்டு போம். வராவிட்டால் லப்டொப்பைக் குளத்தில் போடுவேன். நான் இனி மனு எழுதமாட்டேன், வாசலில் தொங்கின மனு எழுதுபவர் பலகையைக் கழற்றி விறகோடு வைத்துவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு நீர் இந்தப் படலைப் பக்கம் வரத் தேவையில்லை; உமக்கு மாமா ஒருவர் இருந்தார் என்பதையே மறந்துவிடும்.

எவ்வளவு கோபம் வந்தாலும் ஆசீர்வாதம் சொல்லாமல் கடிதம் முடிக்கிற குடும்பம் நாங்கள் இல்லை. நீர் தொட்டதெல்லாம் துலங்கட்டும், என்னுடைய லப்டொப்பைத் தவிர. அக்காவுக்கு என் அன்பும் கமலாசனியின் விசாரிப்பும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா,
க. பரமலிங்கம்
மனு எழுதுபவராக இருந்தவர்.

பி.கு.: நேற்றுப் பௌர்ணமி, போயா விடுமுறை என்று தபாற்கந்தோர் பூட்டு, அதனால் இக்கடிதம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. இன்று செவ்வாய். ராக்காயி நல்ல சேலை உடுத்து, ஒரு பெரிய பையோடு விடியவே படலையில் வந்து நின்றா. பையில் என்ன என்று கேட்கப் பயந்து கூடவே போனேன். கந்தோரில் பியோன் வெளியே வந்து, "பழனியாண்டி! பழனியாண்டி ஆர்?" என்று கூப்பிட்டான். அவா பையைத் திறந்து, பழனியாண்டியின் கண்ணாடி போட்ட படத்தை மாலையோடு எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, "வந்திருக்காருங்க" என்றா. கந்தோரே எழும்பி நின்றது. காணி உத்தியோகத்தர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நான் செத்திட்டன், இவர் இருக்கிறார். அப்பிடித்தானே ஐயா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உம் மாமி பார்த்திருக்க வேண்டும்.

அவர் ஒரு பழைய கடதாசிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். செத்தவரின் ஆட்கள் கேட்டால் வாரிசுக் கட்டில்தான் தேடுவார்களாம். எட்டு முறையும் அங்கேதான் தேடியிருக்கிறார்கள். இந்த முறை ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக் "கையளிக்கப்படாதவை" என்ற கட்டை அவிழ்த்திருக்கிறார்கள். கந்தோர் இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே இடம்பெயர்ந்த கட்டு. அதற்குள் எண்பத்தைந்தாம் ஆண்டு கையெழுத்து வைத்த பேமிட் ஒன்று, அரை ஏக்கர். மூலையில் "ஆள் சமுகமளிக்கவில்லை" என்று எழுதிக் கிடக்கிறது. வா என்று ஒரு கடிதமும் அந்த மனுசனுக்குக் கிடைக்கவில்லை. பேமிட் இருந்தால் மனைவி வாரிசு. உத்தியோகத்தர் மரணச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே பதிந்து அவா கையில் கொடுத்தார். ராக்காயி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதிலயும் திரு போட்டிருக்குங்களா?" நான் பார்த்தேன். போட்டிருந்தது. "ஓம்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவா அழுதா.

வீட்டுக்கு வந்தவுடன் நன்றிக் கடிதம் ஒன்று அடிக்கச் சொன்னா. காலஞ்சென்ற என்று போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு செவ்வாய்க்கிழமை வரும் என்றேன். "போடுங்கய்யா. அந்த வேலி மட்டும் அவருக்கு வேணாம். அதை நான் காணிக்குப் போட்டுக்கிறேன்" என்றா.

ஆகையால் மேலே எழுதியது ஒன்றையும் நீர் மனதில் வைக்க வேண்டாம். பலகையை விறகிலிருந்து எடுத்தாயிற்று. பிளகினில் கை வைத்தீரோ, கை முறியும். ஆனால் முதல் பஸ்ஸில் வாரும், வாழைப்பழம் இன்னும் இருக்கிறது. சத்தியம் பண்ணினபடி, தொடக்கத்தில் திறந்ததை இப்போது மூடப் போகிறேன். உம் மாமி பக்கத்தில் நிற்கிறா. மஞ்சள் விழுவதைப் பார்க்க ராக்காயியும் வந்து நிற்கிறா.)