ஷாக் அண்ணனும் காணாமல் போன அரை மணி நேரமும்

நம் மலேசியாவில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதிலிருந்து, அதைப் பற்றிய செய்திகளுக்கு முறையாக அதிர்ச்சி அடைந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் வாங்கினார்கள், தட்டினார்கள், கெட்டுப்போனால் தலையில் அடித்துக்கொண்டு வேறு வாங்கினார்கள். நாட்டு மக்கள் அனைவரின் சார்பிலும் அதிர்ந்து தீர்த்தவர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஷாக் அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மாடியில் சின்னக் கடை. வெளியே 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று பலகை. பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு, வயரிங் வேலை செய்பவர் போலிருக்கிறது என்று எரியாத டியூப் லைட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர்களும் உண்டு. அவர்களையும் சும்மா அனுப்பமாட்டார். உட்காரவைத்து ராசி கேட்பார்.

நான் கீழே, மாடிப்படி ஓரத்தில் மேசை போட்டுச் சாவி வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வாயைத் திறக்கத் தேவையில்லாத தொழில் என்பதால் இதைப் பிடித்துக்கொண்டேன். சாவியை நீட்டுவார்கள், எத்தனை வேண்டுமென்று விரலைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் செய்திகளுக்கென்று தனி இணைப்பு வரும். அன்று காலை எங்கள் கடை வரிசையில் யாரும் சூடான எதையும் கையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த நிமிடத்திலும் மாடியிலிருந்து அவருடைய மலாய் 'ஐயையோ' கேட்கும்.

"அலாமாக்!"

முதல் தடவை கேட்டபோது டீக்கடை பாய் சொம்பில் தண்ணீரோடு மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"யாரு அண்ணே போயிட்டாங்க?"

"ஒருத்தரும் போகல. இது என்னுது இல்லையாம் பாய்!"

"எது, கடையா?"

"ஜாதக ப்ரோக்ராம்! காசு குடுத்து வாங்கினேனா இல்லையா? வாங்கலையாம்! இந்த உலகத்துலயே யாரும் ப்ரோக்ராமை வாங்கலையாம். உபயோகிக்க அனுமதி மட்டும்தான் குடுத்திருக்கானாம். டப்பாவுக்குள்ள பொடி எழுத்துல போட்டிருக்கானாம்!"

"அப்படின்னா நாளைக்கு நான் ரொட்டி சானாயை வித்துட்டு, ரொட்டி என்னுது, மெல்லுறதுக்கு மட்டும்தான் அனுமதின்னு சொல்லலாமா?"

"அதேதான் பாய்! அதேதான்!"

இன்னொரு வாரம் வைரஸ் செய்தி வந்தது. குறிப்பிட்ட ஒரு தேதி வரும்வரை கம்ப்யூட்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்து, அன்றைக்கு எழுந்து எல்லாவற்றையும் அழித்துவிடுமாம். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரின் தேதியை முன்னால் தள்ளி, அந்த நாளே வராதபடி தாண்டிக் குதிக்க வைத்தார். வைரஸ் ஏமாந்தது. ஆனால் தேதியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். அந்த வாரம் விரதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு வந்த ஓர் ஆன்டிக்குக் கம்ப்யூட்டர் கிருத்திகையை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டது.

"பட்டினி கெடந்தது ஒரு நாளு, கிருத்திகை இன்னொரு நாளு! உண்மையான கிருத்திகையில நான் கோழிக் குழம்பு சாப்பிட்டேன்யா! முருகன் கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவே?" என்று ஆன்டி குடையோடு மாடி ஏறினார். வைரஸிடம் தப்பித்த அண்ணன் ஆன்டியிடம் தப்பவில்லை.

பிறகு புது வெர்ஷன் வந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து டை கட்டிய ஏஜென்ட் தம்பி ஒருவர், டிஸ்க்குகளை அடுக்கிய பெட்டியோடு வந்தார்.

"பழசுக்கு இனிமே சப்போர்ட் இல்ல அங்கிள்."

"ஏன் தம்பி? பழசு நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும் லா. ஆனா சப்போர்ட் இல்ல."

"நீ ஒரு குக்கர் வாங்குறே. ரெண்டு வருசம் கழிச்சுக் குக்கர்காரன் வீட்டுக்கு வந்து, இனிமே இந்தக் குக்கருக்கு நாங்க பொறுப்பில்ல, புதுக் குக்கர் வாங்கு, அதுக்கு அடுப்பும் புதுசா வாங்கணும்னு சொன்னா, உங்க அம்மா அவனை என்ன பண்ணுவாங்க?"

"இதுல கலர்ல பிள்ளையார் படம் வரும் அங்கிள்."

கருப்பு வெள்ளை ஜாதகத்தை எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனார்கள். கலர்ப் பிள்ளையாருக்காக அண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் கதை வந்து மாட்டுகிறது.

கிள்ளானில் இருந்த சரோஜா, தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தன் அத்தை வீட்டுக்கு வரும்போது ஒரு பீரோச் சாவியை வெட்டக் கொடுத்தாள். அடுத்த முறை வந்தபோதும் அதே சாவி. அதற்கடுத்த முறையும் அதே சாவி. ஒரு பீரோவுக்கு எதற்கு இத்தனை சாவி என்று நான் கேட்கவில்லை. வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தைந்தைத் தாண்டியிருந்த எனக்கு அது புரியவே பல மாதம் ஆனது. அவளுடைய அத்தைதான் பொறுமை இழந்து, இரண்டு பேருடைய பிறந்த நேரத்தையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

கலரில் பிள்ளையார் வந்தார். அவருக்குக் கீழே என் விதியும் வந்தது. பெண்ணுக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய். கட்டுகிறவனுக்கு ஆகாது.

அவளுடைய அப்பா ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "மனுசன் போட்டா தப்பு வரும். கம்ப்யூட்டர் போட்டா வராது. அந்தப் பையன் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம். என் உயிரைக் காப்பாற்றத்தான் பெண் தரவில்லை என்பதால் எனக்குக் கோபப்படவும் வழியில்லை.

அந்த வாரம் சரோஜா என் மேசை முன்னால் வந்து நின்றாள். கையில் சாவி இல்லை.

"சாவி வெட்டணுமா?" என்றேன்.

"இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள்.

எல்லாவற்றையும் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் ஷாக் அண்ணன். மேலே போனார். மனசு சரியில்லை என்றால் தன் ஜாதகத்தையே எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றுதான் அதைப் புது வெர்ஷனில் முதன்முறையாகப் போட்டிருக்கிறார்.

"அலாமாக்! அலாமாக்! பாய், நான் நண்டு!"

"என்ன அண்ணே?"

"பிறந்ததுலேர்ந்து நான் சிம்ம லக்னம்! இது கடகம்னு போட்டிருக்கு! நேத்து வரைக்கும் சிங்கம், இன்னிக்கு நண்டா?"

நான் மாடிக்கு ஓடினேன். பழைய வெர்ஷனை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார். அதில் போட்டால் சிங்கம். புதியதில் போட்டால் நண்டு. மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் கண்ணில் பட்டுவிட்டது. லண்டன் நேரத்துக்கு நாம் எத்தனை மணி முன்னால் இருக்கிறோம் என்று பழைய ப்ரோக்ராம் கேட்கும். விற்றவர் சொல்லிக்கொடுத்தபடி, அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் இவரும் ஏழரை என்று தட்டிக்கொண்டிருந்தார். புதியது அதைக் கேட்பதே இல்லை. நாட்டின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, மூலையில் தானாக எட்டு என்று போட்டுக்கொள்கிறது.

உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டார். டீக்கடை வரை கேட்டது.

"தம்பி, என் ஏழரை எங்கே?"

"ஏழரை போயிட்டா சந்தோசப்படுங்க அண்ணே! ஊரே அது எப்படா போகும்னு எள்ளு விளக்கு போட்டுக்கிட்டிருக்கு!" என்று கீழேயிருந்து கத்தினார் பாய்.

போனில் தம்பி நிதானமாகப் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "மலேசியா எட்டுதான் லா அங்கிள். வேணும்னா உங்க வாட்சைப் பாருங்க."

"இப்ப எட்டு! நான் பிறந்தப்ப ஏழரைடா! எண்பத்திரண்டுல நாடு பூரா கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினது உனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் கிண்டர்கார்டன் அங்கிள். சரி, மெட்ராசுக்குச் சொல்றேன். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடுவாங்க. வந்ததும் நீங்க வாங்கிக்கலாம்."

"வாங்கிக்கலாமா?"

அவர் சத்தமே போடாமல் அதிர்ந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். தப்பையும் விற்று, தப்பைத் திருத்தியதையும் விற்பார்கள் என்ற செய்தி அவருக்குள் இறங்க வெகுநேரம் ஆனது. போனை வைத்தார். சரோஜாவின் பிறந்த நேரத்தைப் பழைய ப்ரோக்ராமில் தட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி" என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். "செவ்வாய் ஆறுலதான்டா இருக்கு. ஏழுல இருந்தது நான் போட்ட செவ்வாய்."

மறுநாளே கிள்ளானுக்குப் புறப்பட்டோம். பெண்ணின் அப்பா மனிதர் சொன்னால் கேட்கமாட்டார், கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்பார் என்பதால் கம்ப்யூட்டரையும் கூட்டிக்கொண்டு போனோம். பெட்டி அவர் மடியில், வேட்டியில் சுற்றிய மானிட்டர் என் மடியில். பஸ் கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல டிவி கொண்டாந்திருக்காங்க!" என்று அந்தத் தெருவே கூடிவிட்டது. சரோஜாவின் அப்பா வாசலில் நின்றார்.

"என்ன இது?"

"கம்ப்யூட்டருங்க" என்றார் அண்ணன்.

"அதுதான் வேணாம்னு சொல்லிடுச்சே."

"அது சொல்லலீங்க, நான்தான் சொல்ல வெச்சேன். தப்பாப் போச்சு. மன்னிப்புக் கேக்கக் கூட்டியாந்திருக்கேன்."

டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினார்கள். அண்ணன் பழையதில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை போட்டுக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே பொட்டி, ரெண்டு பேச்சு பேசுது. இதுல நான் எதை நம்புறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க. கடிகாரத்தைத் தள்ளின அந்த வருசப் பிறப்பு ஞாபகம் இருக்கா? நீங்க ஸ்டேஷன்லதானே இருந்தீங்க?"

"இருக்காதா பின்னே? ஏணி போட்டு ஏறி முள்ளைத் தள்ளினதே நான்தான்யா."

"பொண்ணு பிறந்தது அதுக்கு முந்தியா, பிந்தியா?"

"ரொம்ப முந்தி."

"இந்தப் புது ப்ரோக்ராம் அது தெரியாம, அந்த அரை மணியை அவ தலையிலயும் சேத்துத் தள்ளிடுச்சு. நீங்க தள்ளினது கடிகாரத்தைங்க. பொண்ணு ஜாதகத்தை இல்ல."

பெரியவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "அலாமாக்" என்றார் மெதுவாக.

கதவோரம் நின்ற சரோஜா, "அப்பா, வந்ததுலேர்ந்து ஒருத்தர் வாயே திறக்கல. அவருக்குப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மானிட்டரைப் பார்த்து, "ரொம்பப் பிடிச்சிருக்கு. பீரோ எத்தனை இருந்தாலும் பரவாயில்ல" என்றேன். வாசலில் நின்ற பையன்கள் வரை சிரித்தார்கள். பெரியவர், கோயில் ஐயரிடமும் கையால் ஒருமுறை கணக்குப் போடச் சொல்லிவிட்டு நாள் பார்க்கலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மிதந்துகொண்டிருந்தேன். அண்ணன் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

"இந்தப் புதுசு வந்ததுலேர்ந்து எத்தனை வீட்டுக்கு அச்சடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா தம்பி? எந்தெந்தப் பொண்ணு உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கோ."

"அடுத்த வெர்ஷன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அவனுக்கு அடுத்த வெர்ஷன். எனக்கு அடுத்த வீடு. நாளைக்குச் செந்தூல், அப்புறம் காஜாங். தப்பா சொன்னவன் வாசல்ல போய் நின்னுதான் சொல்லணும்" என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் ஷா ஆலம் தாண்டுவதற்குள் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

"நாளைக்கு நான் மேசை போடல அண்ணே. மானிட்டரை நானே தூக்கிட்டு வரேன்" என்றேன். அவர் காதில் விழவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை அந்தத் தோளை நான் அசைக்கவே இல்லை.