மாப்பிள்ளைக்குப் பாணும் ரின் மீனும்

சிவமயம்

கொக்குவில்
20-2-1936

சிரம்பான் ரயில்வே கந்தோரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் கனகலிங்கத்துக்கு, அத்தான் ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் இவ்விடம் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அவ்விடம் நீரும் பெண்சாதி பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நிற்க என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் நீர் இருந்துகொண்டே வாசியும், விழுந்துவிடுவீர்.

இருபத்தெட்டு வருடம் மலாயாவில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பென்சன் எடுத்து ஊருக்குப் போய், பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவில் மீனும் நண்டும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சிய கூழை வயிறு முட்டக் குடிக்க வேண்டும் என்று சொன்னேனா இல்லையா? நீர்கூட, "அத்தான், உந்தக் கூழ்க் கதையை விடுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டீர். அந்த மனிசன், என் பெண்சாதியான உமது சின்னக்கா குணலட்சுமியின் சீதன வீட்டுக்குக் குடிவந்து இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். வட்டுக்கோட்டையானாகிய எனக்குக் கொக்குவில் புது ஊர். ஆனாலும் யாழ்ப்பாணம்தானே என்று நம்பி வந்தேன். இவ்வளவு காலமும் வீட்டைப் பார்த்துவந்த உமது பெரியக்கா தங்கமுத்து மச்சாள்தான் சமையல். காலையில் பேக்கரிப் பாணும் பட்டரும். மத்தியானம் சோறு, பக்கத்தில் மரியாதைக்கு ஒரு கட்லற். பின்னேரம் பாணும் தகரத்தில் அடைத்த ரின் மீனும். சிரம்பான் கடையில் நாங்கள் வாங்கிய அதே படம் போட்ட ரின், ஐயா! கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, நான் கப்பலில் வந்த மீனைத் தின்கிறேன்.

மானிப்பாயில் என்னோடு படித்த தம்பிஐயா வீட்டிலாவது கிடைக்கும் என்று பஸ் ஏறிப் போனேன். என் தலை வாசல் படலையில் தெரிந்ததுதான் தாமதம், அவன் பெண்சாதி பாண் வாங்க ஆள் அனுப்பிவிட்டாள். "மலாயாக்காரர் வந்திருக்கிறார், வெறும் வயித்தோடை விடேலுமே?" என்கிறாள். நான் வாய் திறக்க முன்னம் ரின்னை உடைத்துவிட்டார்கள்.

அதெல்லாம் போகட்டும். நேற்று நடந்ததைக் கேளும். வாசிகசாலை பூட்டியிருந்தபடியால் வேளைக்கே திரும்பி வந்தேன். குசினிக்குப் பின்னால் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஐயோ, என்னத்தைச் சொல்ல! நடுவில் பெரிய பானை. சுற்றிவர மச்சாளும் பக்கத்து வளவுச் சின்னாச்சியும், கையில் பனையோலைப் பிளாவோடு. கூழ்! அதுவும் நண்டுக் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற கூழ்! அவர்களோடு சப்பாணி கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்ரை பெண்சாதி! இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்! எனக்குத் தலை சுற்றி, கிணத்துக்கட்டில் இருந்துவிட்டேன்.

மச்சாள் பதறிப்போய்ப் பானையைச் சாக்கால் மூடினா. "ஐயோ, நீங்கள் உதைப் பாக்கப்படாது! குறை நினையாதையுங்கோ, உது எங்களுக்குக் காய்ச்சினது."

"எனக்கும் ஒரு பிளா தாங்கோ மச்சாள்," என்றேன்.

"என்ன கதை கதைக்கிறியள்? மாப்பிள்ளைக்குக் கூழ் ஊத்தினவள் எண்டு ஊர்ச் சனம் என்னைக் காறித் துப்பாதே?"

"அப்ப குணலட்சுமி குடிக்கிறாளே?"

"அவள் எங்கடை பிள்ளை. நீங்கள் மாப்பிள்ளை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. திரும்பி வரும்போது கையில் என்ன? பாண்!

ஆகவே கனகலிங்கம், கடிதம் கண்டவுடன், வீட்டு ஆண்பிள்ளை என்ற முறையில் உமது பெரியக்காவுக்குக் கண்டிப்பாக எழுதும்: அத்தானுக்கு நாளாந்தம் கூழ் கொடுக்க வேண்டும், பாணைக் கண்ணில் காட்டக் கூடாது. அது நடக்கும்வரை நீர் பென்சன் எடுக்க வேண்டாம், அங்கேயே இரும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் வயிறாறச் சாப்பிட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பாண் தின்று பட்டினி கிடக்கும்
உமது அத்தான்
ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: இதைத் தபாலில் போட ஒரு கிழமை பிந்திவிட்டது. குணலட்சுமி கடிதத்தை எடுத்து வாசித்து அழுது, அக்காவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். அன்று தொடக்கம் எனக்கு மூன்று நேரமும் கூழ்தான். முதல் மடக்கிலேயே கண் இருண்டு காது அடைத்துவிட்டது. என்ன உறைப்பு! என்ரை நாக்கு எப்போதோ மலாயா நாக்காகிவிட்டது, எனக்குத்தான் தெரியாமல் போச்சு. வயிறு படும் பாட்டை எழுதக் கூடாது. அழுது வாங்கியதை இனி எப்படி வேண்டாமென்பது? மச்சாள் பக்கத்தில் நின்று, "எப்பிடி இருக்கு?" என்று கேட்கிறா. "அமிர்தம்," என்கிறேன். ஆகையால் மேலே சொன்னதையெல்லாம் மறந்து, மாப்பிள்ளைக்குப் பாண்தான் மரியாதை என்று உடனே எழுதும். இன்றும் வாசிகசாலை பூட்டியிருந்தது. திரும்பி வந்தேன். குசினிக்குப் பின்னால் எல்லோரும் வட்டமாக இருந்து பாணும் ரின் மீனும் தின்கிறார்கள். என்னைக் கண்டதும் மச்சாள் சாக்கை எடுத்தா.