அத்தைக்கு வலி இல்லை

பொறாமையில் பல தினுசு உண்டு. பக்கத்து வீட்டுக்காரியின் புதுச் சேலையைப் பார்த்து வருவது, கூடப் படித்தவளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்ததும் வருவது, இவையெல்லாம் எல்லோருக்கும் வருகிறவை. கொஞ்ச நாள் போனால் தானாக ஆறிவிடும். என்னுடையது வேறு. ஒரு நோயாளி தன் வலியை என்னிடம் சொல்லாமல் இன்னொரு நர்ஸிடம் சொன்னாள் என்பதற்காக வயிறெரிந்த நர்ஸ், பம்பாயிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த நோயாளி என் சொந்த அத்தை. (அப்பாவின் அக்கா. அதைவிட முக்கியம், அத்தானின் அம்மா.)

அப்படி அவகிட்ட என்னதான் இருக்கு? இந்தக் கேள்வியை அந்த வாரம் முழுக்க ஹாஸ்டல் தலையணையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, அங்கேயே பெண்கள் சர்ஜிகல் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பரீட்சையில் முதலாவது. எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுத்தான் யோசிப்பேன். தலை பின்னுவதைக்கூட மூன்று கட்டமாகப் பிரித்து வைத்திருந்தேன். ‘அமைதியான பெண்’ என்று பெயர். உள்ளே என்ன கொதித்தாலும் முகத்தில் தெரியாது. அது எங்கள் குடும்ப வியாதி என்பது பின்னால்தான் புரிந்தது.

‘அவள்’ என்று நான் பொருமிய லலிதா, மாட்டுங்காக்காரி. பாலக்காட்டுக் குடும்பம், அப்பா ஏதோ கம்பெனியில் ஹெட்கிளார்க். என்னோடுதான் படித்தாள். மார்க் பட்டியலில் அவளைத் தேட வேண்டுமானால் கீழேயிருந்து ஆரம்பிப்பது சுலபம். தொப்பி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவள் விரிக்கும் படுக்கை விரிப்பில் மூலை மடிப்பு கோணலாக இருக்கும். ஆனால் மதியம் இரண்டு மணி டூட்டிக்கு அவள் உள்ளே நுழைந்தால் வார்டே தலையைத் தூக்கிப் பார்க்கும். காலையில் நான் நுழையும்போது யாரும் தலையைத் தூக்கியதில்லை. (கண்ணை மூடிக்கொண்டவர்கள் உண்டு.)

அத்தைக்குத் தாராவியில் முறுக்கு வியாபாரம். வரிசையாக அடுப்புகள், அடுப்புக்கு ஒரு பெண், நடுவில் மணையில் அத்தை. கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தால் மற்றவர்கள் அலறுவார்கள். அத்தை எண்ணெயைத் திட்டுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் என்று முடிவானதும் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து அறிவித்தாள்.

“செம்பகம் வேலை பாக்க ஆஸ்பத்திரியிலயே கிடக்கேன். அவ எப்படிப் பாத்துக்கிடுதான்னு பாப்போம். பொறவு தையில பேசிக்கிடலாம்.”

செம்பகம் நான்தான். தையில் பேசுவது என்றால் கல்யாணம். முருகேசன் அத்தானுக்கு லேத் பட்டறையில் வேலை. எனக்கு முறை மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு நான் என்று வீட்டில் பேச்சு இருந்ததால், நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு அவரைப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு ‘தெரியாது’ என்றிருப்பேன். அதற்கு ‘ரொம்ப’ என்று அர்த்தம். ஆக, மற்ற பெண்களுக்குக் காபித் தட்டோடு முடிந்துபோகிற சோதனை எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வழியாக வந்தது.

விடுவேனா? ஆபரேஷனுக்கு முந்தின நாளே அத்தைக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டேன். ஒன்று, ஆழ்ந்து மூச்சு விட வேண்டும். இரண்டு, நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க இரும வேண்டும். இருமும்போது தலையணையைத் தையல் மீது வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நான்கு, எழுந்திருக்கும்போது நேராக எழாமல் முழங்காலை மடக்கி ஒருக்களித்து எழ வேண்டும். ஐந்து, வலி லேசாகத் தலைகாட்டும்போதே நர்ஸிடம் சொல்ல வேண்டும். பொறுத்துப் பொறுத்து உச்சிக்கு ஏறினபிறகு சொன்னால் ஊசியும் சீக்கிரம் கேட்காது.

அத்தை முறுக்குக்கு மாவு பதம் பார்க்கிற முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “அஞ்சாவது எனக்குத் தேவைப்படாது,” என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அத்தை அதைக் கட்டில் பக்கத்து மேஜையில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை என் டூட்டி. விலாவுக்குக் கீழே குறுக்காக ஒரு நீளத் தையல். அந்த ஆபரேஷனில் மூச்சு விடுவதே வலிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. நான் கட்டிலருகே நின்று கேட்டேன்:

“அத்தை, வலி ஒண்ணும் இல்லேல்லா?”

“ஒண்ணுமில்லட்டி.”

எழுதினேன்: வலி இல்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. டாக்டர், வலி வந்தால் போடும்படி ஊசி எழுதி வைத்திருந்தார். என் டூட்டியில் அதற்கு வேலையே வரவில்லை. அத்தையின் நெற்றியில் வேர்வை இருந்தது. (மின்விசிறி தூரத்தில் இருந்ததால் என்று நினைத்தேன்.) பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். (அத்தையின் முகம் என்றைக்கும் அப்படித்தான்.) விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். (நான் அதை விடுவித்து, மூலையைச் சரியாக மடித்தேன்.) எந்நேரமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுப் பயிற்சியை நேரம் தவறாமல் செய்கிறாள் என்று எனக்குப் புல்லரித்தது.

அந்த இரண்டாம் நாள் மதியம் டூட்டி முடிந்து கிளம்பியவள், மறந்துவிட்ட கைக்குட்டையை எடுக்க வார்டுக்குத் திரும்பினேன். அத்தை லலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். அத்தை. அழுதாள். என் கண்ணை நான் நம்பவில்லை.

“மாமி, எங்கே வலிக்கறது? குத்தறதா, இழுக்கறதா?” என்று லலிதா கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்கிறவரை முதுகுக்குத் தலையணை வைத்து, கால்மாட்டை உயர்த்தி, ஏதோ சினிமாக் கதை சொன்னாள். கதை முடிந்ததும் இருமவைத்தாள். என் தலையணையை வைத்து, என் பாடத்தை, தொப்பி சாய்ந்த ஒருத்தி நடத்திக்கொண்டிருந்தாள். அத்தை சமர்த்தாக இருமினாள். பிறகு, அடுத்த கட்டில்காரியிடம், தமிழ் தெரியாத மராட்டிக்காரியிடம், தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்: “யே லட்கி பஹுத் அச்சா.” (ரொம்ப நல்ல பொண்ணாம்.)

உடனே லலிதா பக்கம் திரும்பிக் கேட்டாள்: “ஏளா, உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

ஜாதி வேறு, பேச்சு வழக்கு வேறு, முறுக்குக்கும் அவர்கள் வீட்டுத் தேன்குழலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பொறாமை ஜாதகம் பார்த்துவிட்டு வருவதில்லை. அன்றைக்கு ஹாஸ்டலுக்கு நடந்துபோகிற வழியிலேயே லலிதாவுக்கும் முருகேசன் அத்தானுக்கும் மனதுக்குள் கல்யாணம் செய்து வைத்து, குழந்தைக்குப் பெயரும் வைத்துவிட்டேன்.

ஆற அமர யோசித்ததில் ஒரே ஒரு முடிவுதான் தோன்றியது: லலிதா அத்தைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள். என்னிடம் இல்லாத வலி அவளிடம் மட்டும் எங்கிருந்து வரும்? மறுநாள் காலையில் வார்டு சிஸ்டரிடம், குரலைச் சமமாக வைத்துக்கொண்டு, என் நோயாளிக்கு வலியே இல்லை என்றும், முறையாகக் கற்றுக்கொடுத்தால் ஊசி தேவைப்படாது என்றும், சிலர் கேட்டவுடன் ஊசியைத் தூக்கிவிடுகிறார்கள் என்றும் சொன்னேன். ‘சிலர்’ யார் என்று சிஸ்டர் கேட்கவில்லை. தடித்த கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் ரவுண்டு வருகிறார், அவரிடமே காட்டு என்றார்.

பெரிய டாக்டர் வந்தார். பின்னால் சின்ன டாக்டர்கள், பயிற்சி நர்ஸுகள், ஊர்வலம் மாதிரி. வார்டு வாசலில், பிளாஸ்கில் கஞ்சியோடு முருகேசன் அத்தான். ரவுண்டு முடிகிறவரை அவரை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அங்கிருந்து எல்லாம் தெரியும். எனக்கு அதுதானே வேண்டியிருந்தது.

நான் கட்டிலின் தலைமாட்டில் நின்று ஐந்து பாடங்களையும் இங்கிலீஷில் ஒப்பித்தேன். இந்த நோயாளி மூன்று நாளாகக் காலையில் வலி என்று சொன்னதே இல்லை என்றேன். பயிற்சி நர்ஸுகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு தலையணையை அத்தையின் கையில் கொடுத்து, “அத்தை, மூச்ச நல்லா இழுத்து, ஒரு தடவ இருமிக் காட்டுங்க,” என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. மருமகளாக வரப்போகிறவளின் மானத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தாள் போல. மூச்சை இழுத்தாள். இருமினாள்.

தாராவிக்குக் கேட்டிருக்கும். தலையணை பறந்துபோய்ப் பெரிய டாக்டரின் மார்பில் மோதியது. பிடிமானத்துக்குத் துழாவிய அத்தையின் கையில் அவருடைய டை சிக்கியது. அத்தை அதை விடவில்லை. “எடுபட்ட பயலே, வயித்துக்குள்ள என்னத்தலே வச்சுத் தைச்ச?” என்று ஆரம்பித்து, திருநெல்வேலிச் சீமையில் ஆண்களே தயங்கிச் சொல்லும் வார்த்தைகளை வரிசையாக அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். (அவர் குஜராத்தி. அந்த மட்டும் தப்பித்தோம்.) இழுத்த இழுப்பில் மேஜை ஆடி, பாட்டில் விழுந்து உடைந்து, கற்கள் கட்டில்களுக்கு அடியில் ஓடின. “ஐயோ, என் கல்லு!” என்று அதற்கும் ஒரு அலறல். ஒரு சின்ன டாக்டர் மண்டியிட்டுக் கல் பொறுக்கப் போனார்.

அப்புறம்தான் அத்தை வாய்விட்டு அழுதாள். “அந்த லலிதாவக் கூப்பிடுங்கய்யா. என்னைய அவகிட்ட விட்டுருங்க.”

பெரிய டாக்டர் டையை மீட்டுக்கொண்டு, குனிந்து, மெதுவாக, “தர்த் ஹை, மாஜி?” என்று கேட்டார். (வலிக்கிறதா அம்மா, அவ்வளவுதான்.) அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். ஊசி போடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. சிஸ்டர்தான் போகிற போக்கில் கேட்டார்: வலி இல்லை என்று மூன்று நாளாக எழுதினாயே, யாருக்கு இல்லை, பேஷண்டுக்கா, உனக்கா?

ஊசியை நானே கொண்டுவந்தேன். போட்டுவிட்டு, சத்தமில்லாமல் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏளா, நீ நாளைக்கு என் வீட்டுக்கு வரப்போறவ. உன் முன்னால நான் இப்பமே அழுதுட்டேம்னா, பொறவு அதிகாரம் எப்படிப் பண்ணுவேன்? அந்தப் புள்ள அசல், நமக்கு ஒட்டா ஒறவா? அதுட்ட அழுதா அது வீட்டுக்குப் போயிரும்.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாள்: “நீயும் ‘வலி இல்லேல்லா’ன்னுதான கேக்க. ‘வலிக்கா’ன்னு ஒரு நாளாவது கேட்டியா?”

அதுதான் லலிதாவிடம் இருந்தது. வேறொன்றும் இல்லை. அவள் அத்தைக்கு யாருமில்லை. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கவும் அவளுக்குத் தெரியாது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இன்னும் கூடுதலாகத்தான் எரிந்தது.

கல்யாணம் போயிற்று என்று வராந்தாத் தூணருகே நின்றிருந்தேன். முருகேசன் அத்தான் பிளாஸ்கோடு வந்தார். பிறந்ததிலிருந்து என்னிடம் பேசாத மனிதர் முதன்முதலாகப் பேசினார்.

“எங்கம்மா அழுது நான் இன்னிக்குத்தான் பாக்கேன்.” தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். “ரொம்ப உபகாரம்.”

அன்றே சிஸ்டர் அத்தையின் கட்டிலை என்னிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். தையில் அத்தை தீர்ப்பு சொன்னாள்: பெண் பிடித்திருக்கிறது, ஆனால் தனக்கு நோவு என்று வந்தால் அவள் பக்கத்தில் வரக்கூடாது. கல்யாணத்தில் லலிதாவை முன்வரிசையில், தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். போட்டோவில் மணப்பெண் நான் மாப்பிள்ளையைப் பார்க்காமல் முன்வரிசையை முறைத்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகும் முழங்கால் வலித்தால் அத்தை பஸ் ஏறி மாட்டுங்காவுக்குப் போய் லலிதாவிடம் சொல்லிவிட்டு வருவாள். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருப்பது அக்கம்பக்கத்தில் பெருமைக்கு மட்டும்.

சில வருஷம் கழித்து, என் முதல் பிரசவம் சிசேரியனில் முடிந்தது. அதே ஆஸ்பத்திரி. இப்போது கட்டிலில் நான். பக்கத்து ஸ்டூலில் அத்தை, மணையில் உட்காரும் அதே தோரணையில்.

“வலிக்காட்டி?” என்றாள். கேள்வியைச் சரியாகத்தான் கேட்டாள்.

“ஒண்ணுமில்லத்த,” என்றேன். சொல்லும்போதே வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் முன்னால் இன்றைக்கு அழுதால், நாளைக்கு அந்த வீட்டில் நான் எப்படி வாயைத் திறப்பது? கண் தானாகச் சுவரில் கடிகாரத்தைத் தேடியது.

இரண்டு மணிக்கு லலிதா வந்தாள். தொப்பி சாய்ந்திருந்தது. “எங்கேடி வலிக்கறது?” என்று கேட்டதுதான் தாமதம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கட்டிலை மறைத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் அத்தை வெந்நீரோடு வந்து நின்றது தெரியாது. அத்தானிடம் அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. 

“என்கிட்ட ஒண்ணுமில்லங்கா. அவளப் பாத்ததும் அழுதா. அப்படி அவகிட்ட என்னதாம்ல இருக்கு?”

அத்தையும் நானும் அதற்கப்புறம் நல்ல சிநேகிதம். லலிதாவைப் பற்றிக் குறை பேச ஒருத்திக்கு இன்னொருத்தி வேண்டும். வீட்டில் யார் முகத்தைச் சுளித்தாலும் அத்தான், “மணி ரெண்டு ஆவலியோ?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். போன வாரம் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். ரத்தம். “வலிக்குதாடா?” என்று ஓடினேன்.

“இல்லம்மா,” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.